செயின்ட்ஸ்–ராம்ஸ், 2019: விழாமல் போன மஞ்சள் கொடி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செயின்ட்ஸ், ராம்ஸ் அணிகள் மோதிய 2019 ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில், ராம்ஸ் ஆட்டக்காரர் ஒருவர் மோதியதற்கு நடுவர்கள் குற்றம் அறிவிக்கும் மஞ்சள் கொடியை வீசவில்லை. அமெரிக்கக் கால்பந்து ரசிகர்கள் இன்றும் மல்லுக்கட்டும் நடுவர் தீர்ப்புகளில் இது முதல் வரிசையில் நிற்கிறது. ரசிகர்கள் இதற்கு வைத்த பெயர் ‘நோலா நோ-கால்’ (நோலா என்பது நியூ ஆர்லியன்ஸின் சுருக்கப் பெயர்). இந்தச் சண்டையில் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன. அது குற்றமா? அதுதான் ஆட்டத்தைத் தீர்மானித்ததா? அதைத் திருத்த யாருக்காவது அதிகாரம் இருந்ததா? முதல் கேள்விக்கு விடை எளிது. இரண்டாவதில் இரு பக்கத்திலும் ஞாயம் உண்டு. மூன்றாவதுதான் உண்மையான சிக்கல், ஆனால் அதைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை.

அன்று நடந்தது என்ன?

2019 ஜனவரி 20, நியூ ஆர்லியன்ஸ் நகரின் சூப்பர்டோம் அரங்கம். தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-இன் இரு பிரிவுகளில் ஒன்றான என்.எஃப்.சி.யின் சாம்பியன்ஷிப் ஆட்டம். ஜெயிக்கும் அணிக்கு நேரே சூப்பர் பவுல், அதாவது லீக்கின் இறுதிப் போட்டி. நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் இரண்டுமே அந்த சீசனில் 13 வெற்றி, 3 தோல்வி. தொடக்கத்தில் செயின்ட்ஸ் 13-0 என முன்னிலை பெற்றது. ராம்ஸ் மெல்ல மெல்லத் துரத்தி வந்து நான்காம் காற்பகுதியில் 20-20 என்று சமன் செய்தது.

ஆட்டம் முடிய 1 நிமிடம் 49 நொடி. பந்து ராம்ஸின் 13 யார்டு கோட்டில் செயின்ட்ஸ் கையில். மூன்றாவது டவுன், இன்னும் 10 யார்டு வேண்டும். பந்தை வீசும் ஆட்டக்காரரான குவாட்டர்பேக் ட்ரூ பிரீஸ், ஓரக்கோட்டுப் பக்கமாக ஓடிய ரிசீவர் (பந்தைப் பிடிப்பவர்) டாமிலீ லூயிஸை நோக்கிப் பந்தை வீசினார். தாமதமாகத் துரத்தி வந்த ராம்ஸ் தடுப்பாட்டக்காரர் நிக்கல் ரோபி-கோல்மன், பந்து வந்து சேருமுன்பே லூயிஸ் மீது முழு வேகத்தில் மோதினார். பந்து தரையில் விழுந்தது. எந்த நடுவரும் கொடி வீசவில்லை.

செயின்ட்ஸுக்காக வில் லட்ஸ் 31 யார்டு ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து 3 புள்ளி எடுப்பது) அடித்தார், 23-20. அப்போது கடிகாரத்தில் 1:41 மிச்சம். அந்த நேரம் ராம்ஸுக்குப் போதுமானதாக இருந்தது. 15 நொடி இருக்கையில் கிரெக் சுர்லைன் 48 யார்டிலிருந்து அடித்து 23-23 ஆக்கினார். கூடுதல் நேரமான ஓவர்டைமில் பந்து முதலில் செயின்ட்ஸுக்குத்தான் கிடைத்தது. பிரீஸ் வீசும்போது ராம்ஸின் டான்டே ஃபவ்லர் மோதியதில் பந்து மேலெழும்ப, அதே அணியின் ஜான் ஜான்சன் அதைப் பிடித்துவிட்டார். சுர்லைன் 57 யார்டிலிருந்து அடித்தார். ராம்ஸ் 26-23.

டவுன், யார்டு எல்லாம் எனக்குப் புதிது. இதைப் புரிந்துகொள்ள என்ன தெரிந்திருக்க வேண்டும்?

நான்கு வாய்ப்புகளில் 10 யார்டு முன்னேற வேண்டும். ஒவ்வொரு வாய்ப்பும் ஒரு டவுன். 10 யார்டு கடந்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மூன்றாவது டவுனில் கோட்டைவிட்டால், கோல் அருகே இருக்கும் அணி வழக்கமாக நான்காவதில் 3 புள்ளி ஃபீல்டு கோலுக்குப் போகும். குற்றம் கண்ட நடுவர் மஞ்சள் கொடியை வீசுவார். பயிற்சியாளர் மறுபரிசீலனை கேட்க வீசுவது சிவப்புக் கொடி. கடைசியாக, முழங்காலிட்டுப் பந்தை வைத்துக்கொண்டால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த விவகாரத்தில் பாதி அந்தக் கடிகாரத்தைப் பற்றியது.

பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் என்ற குற்றத்தை எப்படி முடிவு செய்கிறார்கள்?

என்.எஃப்.எல். விதிப்புத்தகத்தின் 8ஆவது விதி, 5ஆவது பிரிவு. தடுப்பாட்டக்காரருக்கான கட்டுப்பாடு, பந்து வீசுபவரின் கையை விட்டு நீங்கும் கணத்தில் தொடங்கி, யாராவது பந்தைத் தொடும் கணத்தில் முடிகிறது. அந்த இடைவெளியில், பந்தை ஆட முயலாமல் ரிசீவரின் உடலில் மோதி அவர் பிடிக்கும் வாய்ப்பைக் கெடுத்தால் குற்றம். கையைப் பிடித்திழுப்பது, முதுகு வழியாக ஏறி ஆடுவது, இடுப்பை வளைத்துத் திருப்புவது, பந்தைப் பார்க்காமல் ஓட்டப் பாதையை மறிப்பது ஆகியவையும் இதில் சேரும்.

இருவருமே பந்தைப் பார்த்துப் போகையில் தற்செயலாக உரசிக்கொண்டால் குற்றமில்லை. யார் நினைத்தாலும் எட்ட முடியாத பந்தாக இருந்தாலும் இல்லை.

தண்டனை கடுமையானது. குற்றம் நடந்த இடத்துக்கே பந்து போகும், கூடவே தானாக முதல் டவுன். கோல் கோட்டுக்கு அப்பால் உள்ள எண்ட் ஸோனுக்குள் நடந்தால் 1 யார்டு கோட்டில் பந்து. கல்லூரி ஆட்டத்தில் அதிகபட்சம் 15 யார்டு என்று வரம்பு உண்டு. தொழில்முறை ஆட்டத்தில் வரம்பே இல்லை. அதனால்தான் இந்தக் கொடி விழுந்தாலும் சண்டை, விழாவிட்டாலும் சண்டை.

அப்படியானால் ரோபி-கோல்மன் செய்தது குற்றம்தானா?

ஆம். சந்தேகத்துக்கே இடமில்லை.

விதியை வரிவரியாக வைத்துப் பாருங்கள். பந்து பிரீஸின் கையை விட்டு நீங்கிவிட்டது. யாரும் தொடவில்லை. ரோபி-கோல்மன் ஒரு கணம்கூடத் தலையைத் திருப்பிப் பந்தைத் தேடவில்லை. மோதலில் லூயிஸ் தூக்கி எறியப்பட்டார். பந்து அவர் இருந்த இடத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தது.

மறுப்பவர்கள் இரண்டு வாதம் வைப்பார்கள். ஒன்று, பந்து வழியில் யாரோ கையில் பட்டுத் திரும்பியது என்பது. பட்டிருந்தால் கட்டுப்பாடு அங்கேயே முடிந்திருக்கும், வாதமும் சரியாகியிருக்கும். ஆனால் ரீப்ளேயில் அப்படி எதுவும் இல்லை. இன்னொன்று, பிடிக்க முடியாத பந்து என்பது. ‘பிடிக்கக் கடினமான’ பந்து வேறு, ‘தெளிவாகவே பிடிக்க முடியாத’ பந்து வேறு. விதி இரண்டாவதை மட்டும்தான் விலக்குகிறது. மோதல் இல்லாவிட்டால் லூயிஸ் அந்தப் பந்தருகே இருந்திருப்பார்.

ரோபி-கோல்மனே ஆட்டம் முடிந்ததும், தான் பின்தங்கிவிட்டதாகவும் பந்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதாகவும் செய்தியாளர்களிடம் ஒப்புக்கொண்டார். எதிரணி ரசிகருக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

தலைக்கவசம் மோதியதே, அது தனிக் குற்றமா?

தனிக் குற்றம்தான். பந்தைப் பிடிக்கும் முயற்சியில் இருக்கும் ரிசீவரை விதி ‘தற்காப்பற்ற ஆட்டக்காரர்’ என்று வகைப்படுத்துகிறது. அவர் தலையிலோ கழுத்திலோ மோதினாலும், தலைக்கவசத்தால் மோதினாலும் 15 யார்டு, தானாக முதல் டவுன். கோல் அருகே 15 யார்டுக்கு இடமில்லாததால் மிச்சத் தூரத்தில் பாதி. அந்த வாரமே லீக் ரோபி-கோல்மனுக்கு 26,739 டாலர் அபராதம் விதித்தது. அது இந்தத் தலைக்கவச மோதலுக்கு. ஆக, ஒரே மோதலில் இரண்டு கொடிகள் விழுந்திருக்க வேண்டும், ஒன்றுகூட விழவில்லை. இதைச் சொன்னால் பலரும் வியப்பார்கள், ஏனென்றால் சண்டை முழுக்க முதல் குற்றத்தைச் சுற்றியே நடந்தது.

ஏழு நடுவர்கள் களத்தில் இருந்தும் எப்படித் தவறியது?

ஏழு பேரும் ஒரே இடத்தைப் பார்ப்பதில்லை. தலைமை நடுவர் குவாட்டர்பேக்கின் பின்னால் நிற்பார்; பந்து கையை விட்டுப் போன பிறகும் அவர் கண் குவாட்டர்பேக் மீதே இருக்கும். அம்பயர் முன்வரிசைத் தள்ளுமுள்ளைப் பார்ப்பார். எதிர்ப்புற ஓரத்தில் நிற்பவர்களுக்குத் தங்கள் பக்கத்து ரிசீவர்கள். மிச்சம், மோதல் நடந்த ஓரத்தில் இருந்த இருவர்: ஆட்டம் தொடங்கும் கோட்டில் நிற்பவர் ஒருவர், ஆழத்தில் நிற்பவர் ஒருவர்.

கோல் கோட்டுக்கு 13 யார்டுதான் தூரம் என்பதால் ஆழத்து நடுவருக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துவிடும். ரிசீவர் கோட்டைக் கடந்தாரா, கால் எல்லைக்குள் இருந்ததா என்று பார்க்கத் தயாராக வேண்டும். மோதலும் பந்தும் ஏறக்குறைய ஒன்றாக வருகிற ஆட்டத்தில், மனித மூளை இரண்டையும் ஒரே கணமாகத் தைத்துவிடும். இது விளக்கம் மட்டுமே, சமாதானம் அல்ல. இந்த மோதலில் நேர இடைவெளி வெறுங்கண்ணுக்கே தெரிந்தது.

இன்னொரு விஷயமும் பேச வேண்டியது. பிளேஆஃப் என்னும் சீசன் முடிவு நாக்-அவுட் ஆட்டங்களுக்கு, சீசன் முழுக்க ஒன்றாக வேலை செய்த குழுவை அப்படியே அனுப்பாமல், மதிப்பெண் அடிப்படையில் தனித்தனியாகப் பொறுக்கிச் சேர்க்கிறார்கள். தனித்தனியே திறமைசாலிகள்தான். ஆனால் யார் எதைப் பார்ப்பார் என்று பேசாமலே புரிந்துகொள்ளும் பழக்கம் அந்தக் கலவைக் குழுவில் குறைவு. இந்தத் தவறுக்கு அதுதான் காரணம் என்று நிரூபிக்க முடியாது. இந்த முறை விவாதத்துக்கு உரியது என்பது மட்டும் உறுதி.

நடுவர்கள் கூடிப் பேசி, பிறகு கொடி வீசியிருக்கலாமே?

வீசியிருக்கலாம். எந்த நடுவரும் எந்தக் குற்றத்துக்கும் கொடி வீசலாம், தாமதமாகவும் வீசலாம். ஆனால் தான் கண்ணால் பார்த்ததற்கு மட்டும்தான். அரங்கின் பெரிய திரையில் ஓடும் ரீப்ளேயைப் பார்த்துவிட்டோ, பயிற்சியாளர் கத்துவதைக் கேட்டோ வீசக் கூடாது. அரங்கமே கூச்சலிட்டபோதும் நடுவர்கள் அசையாமல் நின்றதற்குக் காரணம் இதுதான்.

தலைமை நடுவர் பில் வினோவிச் ஆட்டத்துக்குப் பின் செய்தியாளர் பிரதிநிதியிடம், அது அந்தப் பகுதியைப் பார்த்த நடுவரின் தீர்ப்பு என்றும், தான் அந்த மோதலைப் பார்க்கவில்லை என்றும் சொன்னார். ரசிகர்கள் கொதித்தார்கள். ஆனால் அவர் நின்ற இடத்தை வைத்துப் பார்த்தால் அந்தப் பதில் பொய்யல்ல.

செயின்ட்ஸ் பயிற்சியாளர் ஷான் பேட்டன் சிவப்புக் கொடி வீசியிருந்தால்?

இரண்டு பூட்டுகள் இருந்தன. 2018 சீசன் விதிப்படி பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் ரீப்ளேக்கு உட்பட்டதே இல்லை. ஒரு பேச்சுக்கு உட்பட்டிருந்தாலும், ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடத்தில் பயிற்சியாளருக்கு சேலஞ்ச் உரிமை கிடையாது. ரீப்ளே அறைதான் முடிவெடுக்கும். நேரமோ 1:49. பேட்டனால் செய்ய முடிந்தது கத்துவது மட்டும்தான். அதை அவர் செய்தார்.

கொடி விழுந்திருந்தால் செயின்ட்ஸ் நிச்சயம் ஜெயித்திருக்குமா?

‘நிச்சயம்’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். ‘பெரும்பாலும்’ என்று வைத்துக்கொண்டு கணக்கைப் பார்க்கலாம்.

மோதல் நடந்தது ஏறக்குறைய 5, 6 யார்டு கோட்டருகே. கொடி விழுந்தால் அங்கே பந்து, முதல் டவுன், கடிகாரத்தில் சுமார் 1:45. ராம்ஸிடம் கடிகாரத்தை நிறுத்த ஒரே டைம்-அவுட்தான் மிச்சம். செயின்ட்ஸ், பந்தை எண்ட் ஸோனுக்குள் கொண்டுபோகும் டச்டவுனுக்கே முயலாமல் முழங்காலிட்டுக்கொண்டே போகிறது என்று வையுங்கள்:

முதல் டவுன்: முழங்கால், 2 நொடி. ராம்ஸ் கடைசி டைம்-அவுட் எடுக்கிறது. மிச்சம் 1:43.
இரண்டாவது: முழங்கால் 2 நொடி, ஆட்டக் கடிகாரம் 40 நொடி. மிச்சம் 1:01.
மூன்றாவது: மறுபடி 42 நொடி. மிச்சம் 0:19.
நான்காவது: 30 யார்டுக்கும் குறைவான ஃபீல்டு கோல். மிச்சம் சுமார் 15 நொடி.

ராம்ஸ் கையில் 15 நொடி, டைம்-அவுட் பூஜ்யம். உண்மையில் அவர்களுக்குக் கிடைத்தது 1:41-உம் ஒரு டைம்-அவுட்டும். இதுதான் அந்தக் கொடியின் விலை. புள்ளி இரண்டு விதத்திலும் 23-20தான்.

எங்கே தவற முடியும்? பந்தை எடுத்துக் கொடுக்கையில் நழுவலாம். குறுகிய ஃபீல்டு கோலும் தடுக்கப்படலாம். 15 நொடியில் ஒரு நீண்ட வீச்சு, பிறகு சுர்லைனின் 57 யார்டுக் கால்! அவர் அதே மாலை அத்தனை தூரத்திலிருந்து அடித்துக் காட்டினார் என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் எந்தப் பயிற்சியாளரைக் கேட்டாலும் 15 நொடிப் பக்கத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்.

இந்தக் கணக்கு வெறும் காகிதக் கணக்கு அல்ல என்பதற்கு 2023 பிப்ரவரி 12 அன்று நடந்த 57ஆவது சூப்பர் பவுல் சான்று. 35-35 சமநிலை, 1:54 மிச்சம், மூன்றாவது டவுன். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸின் ஜேம்ஸ் பிராட்பெரி ரிசீவரைப் பிடித்ததற்குக் கொடி விழுந்தது. கான்சஸ் சிட்டியின் ஜெரிக் மெக்கின்னன் டச்டவுன் போடும் வாய்ப்பை விட்டு 2 யார்டு கோட்டில் வேண்டுமென்றே சறுக்கி அமர்ந்தார். பிறகு முழங்கால்கள், 27 யார்டு ஃபீல்டு கோல். எதிரணிக்கு மிஞ்சியது 8 நொடி. 2019இல் செயின்ட்ஸுக்குக் கிடைக்காமல் போன முடிவு அப்படியே அதுதான்.

ராம்ஸ் ரசிகர்கள் ஏதோ முகக்கவச விவகாரம் சொல்கிறார்களே?

சொல்வதில் நியாயம் இருக்கிறது. 20-20 ஆவதற்கு முன், நான்காம் காற்பகுதியில், ராம்ஸ் குவாட்டர்பேக் ஜேரட் காஃப் கோல் கோட்டருகே பந்தோடு ஓடினார். செயின்ட்ஸின் ஏ.ஜே. கிளைன் அவர் முகக்கவசத்தைப் பிடித்துத் திருப்பினார். அங்கேயும் கொடி விழவில்லை. விழுந்திருந்தால் மிச்சத் தூரத்தில் பாதி, புது முதல் டவுன். டச்டவுன் போட்டிருந்தால் 24-20 என்று ராம்ஸ் முன்னிலை. கிடைத்தது ஃபீல்டு கோல் மட்டுமே.

இதைச் சொல்லி ‘இரண்டும் சரிக்குச் சரி’ என்று முடிப்பதில் உடன்பாடில்லை. முகக்கவசம் விடுபட்டபோது ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆட்டம் மிச்சமிருந்தது. இரு அணிக்கும் பதில் சொல்ல நேரம் இருந்தது. ஆனால் ‘ராம்ஸுக்கு எந்த அநியாயமும் நடக்கவில்லை’ என்று செயின்ட்ஸ் ரசிகர்கள் சொன்னால் அது உண்மை இல்லை.

செயின்ட்ஸ் தங்களுக்குத் தாங்களே கெடுத்துக்கொண்டார்களா?

கொஞ்சம். டெட் கின் ஜூனியர் 43 யார்டு பிடித்து பந்தை 13 யார்டு கோட்டுக்குக் கொண்டுவந்தபோது இரண்டு நிமிடம்கூட மிச்சமில்லை. அந்த முதல் டவுனில் பந்தை ஓட்டியிருந்தால், ராம்ஸ் ஒரு டைம்-அவுட் செலவழித்திருக்க வேண்டும். பேட்டன் வீசச் சொன்னார். மைக்கேல் தாமஸுக்கான பந்து தரையில் விழ, கடிகாரம் இலவசமாக நின்றது. இரண்டாவது டவுனில்தான் ஆல்வின் கமாரா ஓடினார், அதற்குத்தான் ராம்ஸ் டைம்-அவுட் போனது. அதன்பின் 1:41-இல் முன்னிலையில் இருந்தும் தடுப்பாட்டம் ராம்ஸை நிறுத்தவில்லை. ஓவர்டைமில் முதல் பந்தும் வீணானது.

நடுவர் பிழையும் அணியின் பிழையும் ஒன்றையொன்று அழிப்பதில்லை. இரண்டும் தனித்தனிக் கணக்கு. ‘வேறு வாய்ப்பும் இருந்ததே’ என்ற வாதம் எந்த நடுவர் பிழைக்கும் பொருந்தும். அதனாலேயே அது எதையும் விளக்குவதில்லை.

லீக் தவறை ஒப்புக்கொண்டதா?

ஆட்டம் முடிந்த சிறிது நேரத்தில், நடுவர் துறைத் தலைவராக இருந்த அல்பெர்டோ ரிவெரோன் தொலைபேசியில் தன்னிடம் பிழையை ஒப்புக்கொண்டதாக பேட்டன் செய்தியாளர் கூட்டத்தில் சொன்னார். லீக் ஆணையர் ரோஜர் குடெல் பத்து நாள் வாய் திறக்கவில்லை. சூப்பர் பவுல் வாரத்தில் அட்லாண்டாவில் நடந்த கூட்டத்தில்தான், அது கொடி விழுந்திருக்க வேண்டிய மோதல் என்றார். அந்தப் பத்து நாள் மௌனம் தவறான தீர்ப்பைவிட அதிக வெறுப்பைச் சம்பாதித்துக் கொடுத்தது.

ஆட்டத்தை மறுபடி நடத்த ஆணையருக்கு அதிகாரம் இருந்ததே, ஏன் செய்யவில்லை?

விதிப்புத்தகத்தின் 17ஆவது விதி, 2ஆவது பிரிவைத்தான் எல்லாரும் காட்டினார்கள். ஆட்டத்தின் முடிவைப் பாதிக்கும் ‘அசாதாரண அநியாயம்’ நடந்தால், முடிவை மாற்றவோ ஆட்டத்தை மறுபடி நடத்தவோ ஆணையருக்கு அதில் அதிகாரம் உண்டு. பலர் இந்த வரியோடு நிறுத்திவிடுவார்கள். அதே பிரிவிலேயே, நடுவர்களின் தீர்ப்புப் பிழைகளுக்கோ, அவர்கள் வழக்கமாகக் கவனிக்கத் தவறுவனவற்றுக்கோ இந்த அதிகாரம் பயன்படாது என்றும் எழுதியிருக்கிறது. வெளியிலிருந்து வந்து ஆட்டத்தைக் கெடுக்கும் செயல் போன்றவற்றுக்குத்தான் அந்த விதி. கொடி வீசாதது இதற்குள் வராது.

நடைமுறையும் இடம் தராது. சூப்பர் பவுலுக்கு இரண்டு வாரம்தான் இடைவெளி. 1:49-இலிருந்து தொடர்வது என்றாலும், அதன் பிறகு ஆடிய ஓவர்டைமை என்ன செய்வது? அடுத்த வாரம் தோற்ற அணி வேறொரு குற்றத்தைக் காட்டி வரிசையில் நிற்கும்.

ரசிகர்கள் நீதிமன்றமும் போனார்கள். கூட்டாட்சி நீதிமன்றம் 2019 ஜனவரி கடைசியில் மறுத்தது. மாநில நீதிமன்றத்தில் தொடர்ந்த இன்னொரு வழக்கை லூசியானா உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. நுழைவுச் சீட்டு வாங்கியவருக்கு அரங்கில் அமர்ந்து ஆட்டம் பார்க்கும் உரிமை உண்டு, சரியான தீர்ப்புக்கு உத்தரவாதம் கிடையாது. சட்டப்படி பார்த்தால் இதில் வியக்க எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு விதி மாறியது அல்லவா? அது ஏன் நிலைக்கவில்லை?

2019 மார்ச் 26 அன்று அணி உரிமையாளர்கள் 31-1 என்று வாக்களித்தார்கள். சின்சினாட்டி மட்டும் எதிர்த்தது. பாஸ் இன்டர்ஃபியரன்ஸை, கொடி விழுந்திருந்தாலும் விழாவிட்டாலும், ரீப்ளேயில் பரிசீலிக்கலாம். ஓராண்டுக்கு மட்டும். விதி வகுக்கும் குழுவில் பேட்டனும் இருந்தார். 2020இல் அந்த விதியை யாரும் நீட்டிக்கவில்லை.

அந்த விதி தோற்றதற்கான காரணம்தான் இந்தக் கதையிலேயே பயனுள்ள பாடம். ரீப்ளே சிறப்பாக வேலை செய்வது, ‘கால் கோட்டில் பட்டதா’, ‘முழங்கால் தரையில் பட்டதா’ என்பன போன்ற ஆம்-இல்லை கேள்விகளுக்கு. பாஸ் இன்டர்ஃபியரன்ஸில் கேள்வி ‘எவ்வளவு’ என்பது. எவ்வளவு தொட்டால் வாய்ப்பு கெட்டது? களத்து நடுவர் இதை முழு வேகத்தில், ஓட்டத்தின் போக்கை உணர்ந்து முடிவு செய்கிறார். லீக்கின் நியூயார்க் ரீப்ளே அறையில் அதையே மெதுவாக ஓட்டினால் ஒவ்வொரு உரசலும் குற்றமாகத் தெரியும். அதனால் லீக் அளவுகோலை உயர்த்தியது: தெளிவாகவும் வெளிப்படையாகவும் பெரிதளவு தடுத்திருந்தால் மட்டும் மாற்றுவோம் என்றது. அந்த உயரம் எங்கே என்று வாரத்துக்கு வாரம் யாருக்கும் புரியவில்லை.

2019 நவம்பர் 17 அன்று பால்ட்டிமோருக்கு எதிரான ஆட்டத்தில், ஹூஸ்டனின் டிஆண்ட்ரே ஹாப்கின்ஸ் பந்து வருமுன் இழுத்துத் தள்ளப்பட்டார். பயிற்சியாளர் சேலஞ்ச் செய்தார், மாற்ற மறுத்தார்கள். பயிற்சியாளர்களுக்கு அன்றே செய்தி போய்ச் சேர்ந்தது: டைம்-அவுட்டை இதில் வீணாக்காதே. சீசன் முடிவில் 2020 ஜனவரி 5 அன்று அதே சூப்பர்டோமில், மினசோட்டாவின் கைல் ருடால்ஃப் ஓவர்டைமில் வெற்றி டச்டவுன் பிடித்தார், 26-20. பிடிக்குமுன் அவர் தடுப்பாட்டக்காரரைக் கையால் தள்ளியதாக செயின்ட்ஸ் ரசிகர்கள் கொந்தளித்தார்கள். அவர்களுக்காகவே வந்த விதி அங்கேயும் உதவவில்லை.

அதே மோதல் இன்று நடந்தால்?

கொடி விழாமல் போனால் விடை மாறாது. ரீப்ளே அறை களத்து நடுவர்களுக்கு உதவும் முறை சில ஆண்டுகளாக விரிவடைந்திருக்கிறது. 2025இல் தற்காப்பற்றவர் மீதான மோதல், முகக்கவசம் பிடித்தல் போன்ற சில குற்றங்களும் அதில் சேர்ந்தன. ஆனால் திசை ஒன்றுதான்: களத்தில் விழுந்த கொடியைத் தெளிவான ஆதாரத்தோடு திரும்பப் பெறலாம். இத்தகைய குற்றங்களில் விழாத கொடியை அறையிலிருந்து விழவைக்க முடியாது. தவறாகத் தண்டிப்பதைத் திருத்த வழி இருக்கிறது. கண்ணுக்குத் தப்பிய குற்றத்துக்கு வழி இல்லை. லீக் இதைத் தெரிந்தேதான் வைத்திருக்கிறது. அந்தக் கதவைத் திறந்தால் ஒவ்வொரு ஆட்டத்திலும் தேடிக் கண்டுபிடிக்கக் குற்றத்துக்குப் பஞ்சம் இருக்காது.

கிரிக்கெட்டில் டி.ஆர்.எஸ். போல ஒன்று வைத்தால் தீராதா?

எல்.பி.டபிள்யூ. அவுட் இல்லை என்ற தீர்ப்பையும் டி.ஆர்.எஸ்.ஸில் மேல்முறையீடு செய்யலாம் என்பதால் இந்தக் கேள்வி வருகிறது. அங்கே பந்து எங்கே குத்தியது, எதில் பட்டது, எங்கே போகும் என்பதைக் கருவி அளக்கிறது. அளவு ஐயமாக இருந்தால் அம்பயர்ஸ் கால். இங்கே இரண்டு உடல்கள் மோதிய அழுத்தத்தை அளக்கும் கருவி எதுவும் இல்லை. அதுவரை மனிதத் தீர்ப்பை இன்னொரு மனிதத் தீர்ப்பால் மாற்றுவதுதான் நடக்கும்.

நடுவர்கள் விலைபோனார்கள் என்கிறார்களே?

குழுவில் சிலர் ராம்ஸின் ஊர்ப்பக்கமான தெற்கு கலிபோர்னியாவோடு தொடர்புள்ளவர்கள் என்பது அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. அதற்கு மேல் எந்த ஆதாரமும் வரவில்லை. காஃபின் முகக்கவசத்தைப் பிடித்த குற்றத்தைக் கவனிக்காமல் விட்டதும் இதே குழுதான். வினோவிச் அடுத்த ஆண்டே 54ஆவது சூப்பர் பவுலுக்கும், பின்னர் 58ஆவதுக்கும் தலைமை நடுவராக நியமிக்கப்பட்டார்.

ரீப்ளேயை நானே பார்த்து முடிவு செய்ய எப்படிப் பார்ப்பது?

முதலில் முழு வேகத்தில் ஒரு முறை. நடுவருக்குக் கிடைத்தது அதுதான். பிறகு பந்து கையை விடும் காட்சியில் நிறுத்துங்கள். அதற்கு முந்தைய தொடுதல் எதுவும் இந்தக் குற்றத்தில் சேராது, 5 யார்டுக்கு அப்பால் தொட்டிருந்தால் அது வேறு குற்றம். அங்கிருந்து மெதுவாக நகர்த்தி, முதல் மோதலும் பந்தின் முதல் தொடுதலும் எது முந்தி என்று பாருங்கள். மூன்றாவதாகத் தடுப்பாட்டக்காரரின் முகம்: பந்தைத் தேடுகிறாரா, ஆளைத் தேடுகிறாரா? கடைசியாகத்தான் பந்து எட்டக்கூடியதா என்ற கேள்வி.

ஓரக்கோட்டுக் கேமரா நேரத்தைச் சரியாகக் காட்டும், கைகளை மறைக்கும். கோல் பின்புறக் கேமரா கைகளைக் காட்டும். ஆனால் ஆழத்தைச் சுருக்கிவிடுவதால் பந்து உண்மையைவிட முன்னதாகவே வந்ததுபோலத் தெரியும். நிறுத்திய ஒற்றைப் படத்தை வைத்து யாராவது வாதாடினால் அசைபடத்தைக் கேளுங்கள். உறைந்த படத்தில் எல்லா மோதலும் கொலை முயற்சிதான்.

நியூ ஆர்லியன்ஸ் மக்கள் அந்த சூப்பர் பவுலைப் பார்க்கவே இல்லையாமே?

பலர் பார்க்கவில்லை. அதே நேரத்தில் தெருக்களில் விழா எடுத்தார்கள். உள்ளூர் நாளிதழ் மறுநாள் முதல் பக்கத்தை ஏறக்குறைய வெறுமையாக விட்டு, எந்த சூப்பர் பவுல் என்று மட்டும் கேட்டிருந்தது. அட்லாண்டாவில் பிப்ரவரி 3 அன்று நடந்த அந்த ஆட்டத்தில் நியூ இங்கிலாந்து 13-3 என்று ராம்ஸைத் தோற்கடித்தது. சூப்பர் பவுல் வரலாற்றிலேயே இரு அணியும் சேர்ந்து மிகக் குறைவாகப் புள்ளி எடுத்த ஆட்டம் அது. பார்க்காதவர்கள் பெரிதாக எதையும் இழக்கவில்லை.

முழு ஆட்டத்தையும் பார்க்க நேரமில்லை. எந்தப் பகுதிகள் போதும்?

நான்காம் காற்பகுதியில் காஃப் கோல் கோட்டை நோக்கி ஓடுவதிலிருந்து தொடங்குங்கள். பிறகு டெட் கின் ஜூனியரின் 43 யார்டு. அதற்கடுத்த மூன்று டவுன்களை ஒவ்வொன்றின் முடிவிலும் கடிகாரத்தையும் டைம்-அவுட் எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டு பாருங்கள். அங்கிருந்து ஓவர்டைம் முடியும்வரை தாவாமல் பாருங்கள். மோதல் காட்சியை மட்டும் பார்த்தவர்களோடு வாதாடுவதைவிட இதற்கு நேரம் குறைவாகவே ஆகும்.